கடல் இல்லாத ஊருக்குப் போகிறவனுக்கு

தம்பிக்கு,

அடுப்படியில் உட்கார்ந்து அம்மா எழுதுகிறேன். நீ சுவருக்கு அந்தப் பக்கம் துணிமணிகளை எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறாய். பெட்டியின் ஜிப்பை இழுப்பதும், ஏதோ மறந்து திரும்பத் திறப்பதும் இங்கே கேட்கிறது. எழுந்து வந்தால் நேரிலேயே பேசிவிடலாம். ஆனால் இந்த விஷயத்தில் நான் வாயைத் திறந்தால் ஒன்று திட்டுகிறேன், இல்லையென்றால் அழுகிறேன். இரண்டுமே உனக்கு ஆகவில்லை என்று பார்த்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன். பெட்டியில் மேலாக வைப்பேன், ரயில் மதுரையைத் தாண்டிய பிறகு எடுத்துப் படி. கப்பலுக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டு வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருக்கும் வேறு அம்மாக்கள் இந்தப் பக்கத்தில் எத்தனையோ பேர். அவர்களில் யாராவது இதைப் படித்தாலும் படிக்கட்டும், எனக்கு இதில் வெட்கமில்லை.

நாக்பூருக்குப் போகிறேன் என்று நீ சொன்ன மத்தியானம் அப்பா கடையை அடைத்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்திருந்தார். கிட்டங்கியில் சரக்கு மேற்பார்வை வேலை, தங்க இடமும் தருகிறார்கள் என்றாய். கப்பல் கப்பலாகச் சுற்றியவன் கிட்டங்கிக்குள் அடைந்து என்ன செய்யப் போகிறாய் என்று நான் கேட்டேன். மதுரை இல்லையா, கோயம்புத்தூர் இல்லையா, எதற்கு அவ்வளவு தூரம் என்றும் கேட்டேன். நீ தட்டைப் பார்த்தபடியே, "அங்கன கடல் இல்லம்மா. எந்தப் பக்கம் போனாலும் ரொம்ப தூரம்" என்றாய். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு, "ஆரஞ்சு நல்லா கெடைக்கும் அங்கன" என்றார். பாவம் மனுஷன், அவருக்கு வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

உன் கப்பல் சிநேகிதன் சேவியரைப் பற்றி நீ எங்களிடம் ஒரே முறைதான் சொன்னாய். அதுவும் அப்பாவிடம். நான் வெங்காயம் உரிக்கிற சாக்கில் பக்கத்தில் இருந்து கேட்டேன். ஒரே கப்பலில் இருவரும் இந்தக் கரைக்காரர்கள் என்பதால் பழகிப்போனீர்கள். புயல் நாளில் மேல்தளத்தில் சரக்கைக் கட்டிக்கொண்டிருந்தீர்கள். கயிற்றின் ஒரு முனை உன் கையில், மறு முனை அவன் கையில். அலை ஏறி இறங்கியபோது உன் முனை மட்டும் இருந்தது. கப்பல் இருட்டும் வரை வட்டமடித்துத் தேடியது, பிறகு தன் வழியே போய்விட்டது. அவ்வளவுதான் நீ சொன்னது. ஊர் வந்து சில நாள் கழித்து கீழவைப்பாருக்கு அவன் வீட்டுக்குப் போனாய். நான் கூட வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டாய். திரும்பி வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "அவங்கம்மா ஒண்ணுதாம்மா கேட்டாங்க. அன்னைக்குச் சாப்பிட்டானா மக்கான்னு கேட்டாங்க" என்றாய். சாப்பிட்டான் என்று சொன்னாயா, அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. அந்த அம்மாவின் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன்.

அன்றிலிருந்து உனக்குக் கடல் ஆகவில்லை. பார்க்க ஆகவில்லை, கேட்க ஆகவில்லை, வாசனைகூட ஆகவில்லை. வீட்டில் மீன் வாங்குவதை நிறுத்தினேன். கிழக்குப் பக்கத்து ஜன்னலை நீ சாத்தினாய், நான் அதன் இடுக்கில் பழைய துணியைத் திணித்தேன். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "கொஞ்சம் வெளிய வெட்டைல கூட்டிட்டுப் போங்கம்மா, நாலு இடம் பாக்கட்டும்" என்றார். அதை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். உனக்குத்தான் தெரியுமே, உன் அம்மாவுக்கு ஒரு கர்வம் உண்டு. மற்றவர்கள் தூத்துக்குடி என்றால் வெயில், புழுதி, கரித்தூள் என்பார்கள். நான் பிறந்ததிலிருந்து இந்த மண்ணில் எந்த மாதத்தில் என்ன பூக்கும், எந்தப் பறவை எங்கே இறங்கும், எந்தக் காற்று என்ன கொண்டுவரும் என்று பார்த்துக்கொண்டே வளர்ந்தவள். கடலைத் தள்ளிவிட்டாலும் பார்க்க இங்கே ஆயிரம் இருக்கிறது, இந்த மண்ணை வைத்தே என் பிள்ளையைச் சரிசெய்துவிடுவேன் என்று நினைத்தேன். முந்தானையை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

நீ வந்தது வைகாசி. ஆனி பிறந்ததும் மேற்கிலிருந்து கச்சான் காற்று எழுந்தது. கண்ணில் மண்ணை அள்ளிப் போடும் அந்தக் காற்றை ஊரே வையும். இந்த வருஷம் நான் அதைக் கும்பிட்டேன். மலைப் பக்கமிருந்து வருகிற காற்று அது, கடல் வாசனையை வீட்டுக்குள் விடாமல் கடலுக்கே திருப்பி அனுப்பிவிடும். அந்த மாதங்களில்தான் நீ கொஞ்சம் தூங்கினாய். காலையில் உன் பைக்கின் பின்னால் ஏறிக்கொண்டு, இடது பக்கம் திரும்பு, வலது பக்கம் திரும்பு என்று வழி சொல்லிக்கொண்டே வருவேன். எந்தச் சாலையில் போனால் கடல் கண்ணில் படாது என்பதை முன்பே மனதில் ஓட்டிப் பார்த்து வைத்திருப்பேன். நம் ஊரில் அப்படி ஒரு வழி கண்டுபிடிப்பது லேசான காரியமா? முத்தையாபுரத்திலிருந்து கிளம்பினால் துறைமுகத்துக் கிரேன்கள் முதுகுக்குப் பின்னாலேயே துரத்திக்கொண்டு வருகிற மாதிரி இருக்கும். நீ கண்ணாடியைத் திருப்பி வைத்துக்கொள்வாய். நான் பார்த்தும் பார்க்காததுபோல வல்லநாட்டு மானைப் பற்றியோ, வழியில் குடைபோல் விரிந்து நின்ற உடைமரத்தைப் பற்றியோ வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வருவேன்.

சாத்தான்குளத்துக்கு இந்தப் பக்கத்துத் தேரிக்குப் போனது உனக்கு நினைவிருக்கும். சிவப்பு மணல் மேடு மேடாக, காற்று அதன் மேல் கோடு போட்டுக்கொண்டே போகும். நேற்றுப் பார்த்த மேடு இன்று வேறு இடத்தில் இருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு நட என்றேன், நடந்தாய். கொல்லாமர நிழலில் உட்கார்ந்து, நான் கட்டி வந்த புளிச்சோற்றை மிச்சமில்லாமல் சாப்பிட்டாய். கை கழுவும்போது, "நல்லாத்தான் இருக்கும்மா இந்த எடம்" என்றாய். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷத்தில் இன்னும் கொஞ்ச தூரம் உள்ளே நடப்போம் என்று இழுத்துக்கொண்டு போனேன். அங்கே பனங்காடு தொடங்கியது. கச்சான் பலமாக அடித்தது. அத்தனை பனையும் ஓலையை அசைத்துக்கொண்டு இரைந்தன. நீ நின்றாய். "அலை மாரி கேக்கு. போவோம்மா" என்றாய். நான் பிறந்ததிலிருந்து கேட்கிற சத்தம் அது, பனையோலைச் சத்தம். ஒருநாளும் எனக்கு அலையாகக் கேட்டதில்லை. உன்னோடு நின்று காது கொடுத்தபோது எனக்கும் அப்படித்தான் கேட்டது. பைக்கில் ஏறி வீடு வரும் வரை நான் ஒரு வார்த்தை பேசவில்லை, அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

மழையைப் பற்றி உனக்கும் எனக்கும் பழைய பகை ஒன்று உண்டு. உலகத்தில் எல்லாரும் மழையை ரசிப்பார்கள், உப்பளக்காரி வெயிலைத்தான் ரசிப்பாள். நம் உப்பளம் என் அப்பா எனக்குச் சீராகக் கொடுத்த அளம். வெயில் ஏற ஏறப் பாத்தியில் உப்பு இறங்கும், ஒரு மழை பெய்தால் பாடுபட்டதெல்லாம் கரைந்து போகும். நீ பள்ளிக்கூடம் போன நாட்களில், ஐப்பசியில் ஒரு மத்தியானம், திடீரென்று வானம் கறுத்துவிட்டது. நானும் ஆட்களும் உப்புக் குவியலை மூடுவதற்குத் தலைதெறிக்க ஓடிக்கொண்டிருக்கிறோம். நீ வரப்பின் மேல் கைகளை விரித்துக்கொண்டு, வாயைத் திறந்து மழையைக் குடித்துக்கொண்டு நிற்கிறாய். வந்த ஆத்திரத்தில் உன் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினேன். அப்பா தார்ப்பாயின் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டே, "ஏளா, அவன் மழையப் பாக்கான். நீ உப்பப் பாக்க. ரெண்டு பேரும் பாக்கது ஒரே மழையத்தான், விடு" என்றார். அவர் சொன்னது எனக்கு அன்று ஏறவில்லை. குவியலில் பாதி போன ஆத்திரத்தில் அவரையும் சேர்த்து வைதேன்.

இந்த வருஷம் ஐப்பசி மழைக்கு நான் வேண்டிக்கொண்டேன் என்றால் நீ நம்பமாட்டாய். அளம் முடங்கினால் முடங்கட்டும், கோரம்பள்ளம் குளம் நிறையட்டும் என்று நினைத்தேன். நிறைந்தது. கார்த்திகையில் உன்னைக் கூட்டிக்கொண்டு போனேன். கரையோரத்துச் செடிகள் கழுத்துவரை தண்ணீரில் நின்றன. கூழைக்கடாக்கள் கூட்டமாக இறங்கியிருந்தன. நான் வழக்கம்போல அளந்துவிட்டுக்கொண்டு, தூரத்தில் நின்ற ஒன்றைக் காட்டி, அது ரொம்ப அபூர்வமான நாரை, வருஷத்துக்கு ஒருமுறைதான் வரும் என்றேன். நீ கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "எம்மா, அது யாரோ கட்டைல காயப் போட்ட வேட்டி" என்றாய். சிரித்தாயடா தம்பி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். பக்கத்தில் மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்துத் தானும் சிரித்தார். பிறகு நீயாகவே படியில் இறங்கிக் குளத்துத் தண்ணீரை அள்ளி முகத்தில் விட்டுக்கொண்டாய். "நல்ல தண்ணிம்மா" என்றாய். அந்த ஒரு நாள் போதும் என்று நான் இருந்திருக்க வேண்டும். எனக்கு அது போதவில்லை. பிள்ளை தண்ணீரைத் தொட்டுவிட்டான், இனிமேல் எல்லாம் சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டுவிட்டேன்.

மார்கழியில் வாடை திரும்பியது. கடல் மேலிருந்து நேராக வந்து வீட்டுச் சுவரை ஈரமாக்குகிற காற்று. துணி திணித்த ஜன்னலெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. நீ மறுபடியும் உள் அறையை விட்டு வரவில்லை. எனக்கோ தை நெருங்கிக்கொண்டிருந்தது. மழைத்தண்ணீரை இறைத்து, சேற்றை மிதித்துக் கெட்டிப்படுத்திப் பாத்தி தயாராகியிருந்தது. முதல் தண்ணீர் பாய்ச்சுகிற அன்றைக்கு நம் அளத்தில் வீட்டுப் பிள்ளைதான் மடையைத் திறக்க வேண்டும். தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, அவன் மண்வெட்டியால் மண்ணை விலக்கித் தண்ணீரை விட்டால்தான் அந்த வருஷத்து வேலை தொடங்கும். நீ நடை பழகியதிலிருந்து செய்த வேலை. நீ கப்பலில் இருந்த வருஷங்களில் அப்பா வந்து வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சேறு படாமல் மடை திறக்கப் பார்த்து வழுக்கி விழுந்து எங்களைச் சிரிக்க வைத்தார். இந்தத் தையில் நீ இருக்கிறாயே, நீயே திற என்று கூப்பிட்டேன்.

இங்கேதான் நான் செய்தது உனக்கு விளங்க வேண்டும் என்று நினைக்கிறேன். உன்னை வேண்டுமென்றே கடலுக்குக் கூட்டிப்போகவில்லை. எங்களுக்கு அளம் கடல் இல்லை. அளத்துக்காரர்கள் வீட்டில் பிறந்தவர்களுக்கு அது வயல். வரப்பு இருக்கிறது, பாத்தி இருக்கிறது, தண்ணீர் பாய்ச்சுகிறோம், விளைந்ததை வாருகிறோம். கடல் என்பது வலைக்காரர்களுக்கும் கப்பல்காரர்களுக்கும் உரியது, கிழக்கே வேறு யாருடைய நிலமோ போல எங்கள் நினைப்பு. சின்ன வயதில் கடற்கரைக்குப் போக வேண்டும் என்றால் என் அப்பாவிடம் அடம்பிடித்துத்தான் போயிருக்கிறேன், அளம் என் காலடியிலேயே இருந்தும். வயலுக்குக் கூட்டிப்போகிறோம் என்றுதான் அன்று உன்னைக் கூட்டிப்போனேன். ஒரு கணம்கூட எனக்கு வேறு மாதிரித் தோன்றவில்லை.

நீ மறுக்கவில்லை. எனக்காக வந்தாய் என்று இப்போது தெரிகிறது. பேச்சியம்மாள் சூடம் கொளுத்தினாள். அவள் என்னோடு சேர்ந்து அளத்தில் மாரடிக்கிறவள், உன்னைத் தூக்கி வளர்த்தவள். நீ மண்ணை விலக்கினாய். தண்ணீர் மெதுவாகத்தான் வந்தது. உன் பாதத்தைச் சுற்றி நுரையோடு ஏறி, கணுக்காலுக்கு வந்தது. மண்வெட்டி உன் கையிலிருந்து விழுந்தது. நீ அசையவில்லை. கண் எங்கேயோ நிற்கிறது, மூச்சு மட்டும் மேலும் கீழுமாக வாங்குகிறது. "தம்பி, ஏறி வா" என்கிறேன், நீ கேட்கவில்லை. பேச்சியம்மாள்தான் இறங்கி உன் இடுப்பைச் சேர்த்துப் பிடித்து வரப்புக்குக் கொண்டுவந்தாள். "இது கடலும்மா" என்றாய். அதற்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இல்லலே, இது பூமிக்குள்ள இருந்து எறைக்க போர்த் தண்ணி. கடலுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது" என்று உன்னிடம் வாதாடினேன். பிள்ளை மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்கிறான், நான் தண்ணீர் எந்தக் குழாயில் வந்தது என்று விளக்கம் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். "நீ வயலுன்னு சொல்லுத. எனக்கு நாக்குல தெரியுதும்மா. இது கடலு" என்று சொல்லிவிட்டு நீ வரப்போடு உட்கார்ந்துவிட்டாய்.

அதற்குப் பிறகு உன்னை எங்கேயும் கூப்பிட எனக்குத் தைரியம் வரவில்லை. நீயும் கேட்கவில்லை. மாசி முழுக்க எதையோ தேடிக்கொண்டு போனிலேயே இருந்தாய். அது இந்த வேலை என்று பிறகுதான் தெரிந்தது. என் கதையும் ஒன்று இருக்கிறது, சொல்கிறேன். அன்றிலிருந்து அளத்தில் நான் பார்க்கிற பார்வையே மாறிப்போனது. இப்போது பங்குனி. உப்பு இறங்குகிற நேரத்தில் பாத்தித் தண்ணீர் இளஞ்சிவப்பாக நிற்கிறது. மேலே மெல்லிசாக உப்புப் பூத்து மிதக்கிறது. ஓரத்தில் பூநாரைகள் ஒற்றைக் காலில் நின்று தலையைத் தண்ணீருக்குள் விட்டுத் தேடுகின்றன. மேற்கே சூரியன் இறங்கும்போது பாத்திக்கு ஒரு சூரியன் கிடக்கிறது. பார்த்தால் வயிறு நிறையும். அப்படி நிறைந்து கொண்டிருக்கும்போதே, இது அத்தனையும் கடல்தானே என்று ஒரு நினைப்பு வந்து குறுக்கே நிற்கிறது. என் பிள்ளையை விரட்டுகிற அதே கடலை நான் பாத்தி கட்டி வளர்த்துக்கொண்டிருக்கிறேன். இதை அப்பாவிடம் சொன்னேன். "அதுக்காக வித்துரலாம்னு சொல்லுதியா?" என்று கேட்டார். விற்றால் கடல் தள்ளிப் போய்விடுமா?

உனக்கு இதெல்லாம் மறுபடியும் காட்ட வேண்டும் என்று கை துடிக்கிறது. காட்ட முடியாது என்றும் தெரிகிறது. இப்படி ஒரு நிலைமையை நான் என் ஆயுளில் கண்டதில்லை. காய்ச்சல் என்றால் பத்துப் போடுவேன், பசி என்றால் சோறு போடுவேன், எவனாவது உன்னை அடித்தான் என்றால் அவன் வீட்டு வாசலில் போய் நின்று நாலு கேட்பேன். கடலிடம் போய் என்ன கேட்க? காற்றை எந்தத் துணி வைத்து அடைக்க? ஊரையே பிடித்து மேற்கே தள்ளி வைக்க அம்மாவுக்குப் பலம் இல்லையே தம்பி.

அங்கே போய் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லலாமா என்று யோசிக்கிறேன். சொல்லிக் கெடுத்தவள் நான், இருந்தாலும் அம்மா என்பதால் வாய் நிற்காது. கிட்டங்கியிலேயே கிடக்காதே. வேலை முடிந்ததும் வெளியே வா. உன் அறை வாசலில் என்ன மரம் நிற்கிறது என்று பார், பெயர் தெரியாவிட்டால் பக்கத்தில் யாரிடமாவது கேள், அந்தச் சாக்கில் ஒரு மனுஷனும் பழக்கமாவான். எந்த மாதம் எந்தப் பக்கத்துக் காற்று என்று கவனி. அது உன்னை ஒன்றும் செய்யாது, வெறும் மண்ணைத் தொட்டு வருகிற காற்று. நம் ஊர் மாதிரி இருக்கிறதா என்று தேடாதே. இருக்காது, அதற்குத்தானே போகிறாய். சேவியர் நினைப்பு வந்தால் விரட்டாதே, அவனையும் கூட்டிக்கொண்டு நடந்துவிட்டு வா. அவனும் கடல் இல்லாத ஊரை இரண்டு நாள் பார்க்கட்டும். ஊருக்கு வரவில்லையே என்று எங்களை நினைத்து மறுகாதே. பொங்கலுக்கு வா, கோயில் கொடைக்கு வா என்று நாங்கள் உன்னை நச்சரிக்க மாட்டோம். அப்பா ஒருவேளை கேட்பார், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இதோடு முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் முந்தாநாள் சாயங்காலம் நடந்ததை எழுதாமல் மடித்தால் இந்தக் கடிதம் பொய்யாகிவிடும். அளத்திலிருந்து வந்த கையோடு, கால்கூடக் கழுவாமல், உனக்குக் காபி போட்டுக் கொண்டுவந்தேன். நீ கை நீட்டி வாங்கினாய். வாங்கும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாய். மூச்சை அடக்கினாய். நான் நகர்ந்த பிறகுதான் விட்டாய். அடுப்படிக்கு வந்து முந்தானையை எடுத்து முகர்ந்து பார்த்தேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. என் மேல் அடிக்கிற கடல் வாசனை எனக்கு எப்படித் தெரியும்? அதிலேயே ஊறினவள். பிறகு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. நான் குளித்துவிட்டு வந்த பிறகுதான் நீ சாப்பிட உட்காருவாய். பைக்கில் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனபோதெல்லாம் வேகமாகவே ஓட்டுவாய், காற்று என்னைத் தாண்டிப் பின்னால் போகட்டும் என்று. தேரிக்கும் குளத்துக்கும் கடலைத் தவிர்த்து வழி வழியாகக் கூட்டிப்போனேன் என்று பீற்றிக்கொண்டேனே, அத்தனை இடத்துக்கும் அதை முதுகுக்குப் பின்னால் உட்காரவைத்துக் கொண்டுதான் நீ போயிருக்கிறாய். ஒருநாளும் நீ அதைச் சொல்லவில்லை. சொன்னால் என் மனசு என்ன ஆகும் என்று பார்த்திருக்கிறாய்.

நீ இதைப் படிக்கும்போது, ரயிலடி வரைக்கும் அப்பா வந்து ஏற்றிவிட்டிருப்பார். நான் வாசலோடு நின்றிருப்பேன். சித்திரையில் நான் நாக்பூர் வருகிறேன். உப்பு அள்ள அள்ள வருகிற மாதம், அந்த மாதம் எந்த அளத்துக்காரியும் ஊரைவிட்டு நகரமாட்டாள், அப்பா கேட்டதும் பைத்தியமா பிடித்திருக்கிறது என்றார். பிடிக்கட்டும். பேச்சியம்மாள் பார்த்துக்கொள்வாள், பார்க்காவிட்டாலும் போகட்டும். இந்த முறை நான் எதையும் காட்டமாட்டேன். நீ காட்டு. காய்ந்த வயலோ, வெறும் கல்லோ, முள்ளோ, எது அங்கே உனக்குப் பார்க்க ஆகிறதோ அதைக் காட்டு, நான் பார்க்கிறேன். அதற்கு முன்னால் பங்குனி கடைசியிலேயே அளத்துக்குப் போவதை நிறுத்திவிடுவேன். சேலைகளை அளத்துப் பக்கமே கொண்டுபோகாமல், குடிக்கிற தண்ணீரில் மறுபடி மறுபடி அலசி, வீட்டுக்குள்ளேயே காயவைத்து எடுத்துவருவேன். தலையைத் தினமும் சீயக்காய் போட்டுத் தேய்ப்பேன். எல்லாம் போய்விடுமா என்று தெரியவில்லை, போகிறவரைக்கும் தேய்க்கிறேன். ரயில் வந்து நிற்கும்போது நான் இறங்கிப் பெட்டி பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பேன், உன் கிட்டே வரமாட்டேன். நீ முதலில் தூரத்தில் நின்று பார்த்துக்கொள். முடியும் என்று தோன்றினால், மெதுவாகப் பக்கத்தில் வா தம்பி.

அம்மா